பதினொரு வாளித் தண்ணீரும் கீழ்வீட்டாரும்

முதலில் என் அறிவின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பிறகு படிப்பதா, பக்கத்தைப் புரட்டுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பாரிஸ் நகரில், நூறு வயது தாண்டிய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், மரப்பலகை பதித்த தரையில், பதினொரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி வீடு கழுவியவன் நான். ஊற்றி முடித்த பிறகு, தண்ணீர் வெளியே போகிற ஓட்டை எங்கே என்று சுவரோரமாகக் குனிந்து தேடியவனும் நானே. புதுச்சேரியில் நான் பிறந்த வீட்டில் அது வாசல்படிக்குப் பக்கத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே தரையில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. அடடா, என்ன அருமையான மரம், எப்படிக் குடிக்கிறது என்று வியந்தேன். குடித்தது மரமில்லை.

இதை உட்கார்ந்து எழுத எனக்கு ஒரு நாற்காலியாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் அவரைக் கீழ்வீட்டார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். அடுத்தவர் பொருள் மேல் கண் வைத்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர். அடுத்தவர் பொருள் மேல் கவலை வைத்த ஒரே ஆள் அவர்தான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு போட்டோகாப்பிக் கடை. மெஷினுக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டு ஒன்று வைத்தால் இன்னொன்று வைக்க முடியாத அளவில் ஒரு மேசை. அதுதான் அவருடைய அலுவலகம். யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பிரெஞ்சுப் படிவங்களைக் கண்டால் மிரண்டுபோகிறவர்களுக்கு அவர் எழுதித் தருவார். பள்ளிக்கூடப் படிவம், வதிவிட அட்டை, மின்சாரம், எதுவானாலும் வாயைத் திறக்காமல் எழுதி நீட்டுவார். வீட்டு இன்சூரன்ஸ் காகிதம் வந்தால் மட்டும் பேனாவை மூடி மேசையில் வைப்பார். வந்தவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கீழ்வீட்டிலை ஆர் இருக்கினம்?”

பெயர் வந்தது இப்படித்தான்.

இந்த ஊரில் இன்சூரன்ஸ் காகிதத்தைக் காட்டாமல் வாடகை வீட்டுச் சாவி கிடைக்காது. நம் ஆட்கள் இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கிக் காட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த மலிவுக் காகிதத்தை யாரும் படித்ததில்லை. கீழ்வீட்டார் படித்திருந்தார். நம்மால் வீட்டு உரிமையாளரின் சுவருக்கு ஏதாவது ஆனால் மட்டும்தான் அது கொடுக்கும். அக்கம்பக்கத்தாருக்கு ஆனால் ஒரு சல்லி தராது. இதை அவர் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். ஆயிரம் பேரும், “என் வீட்டுல அப்படி என்ன இருக்கு?” என்றே கேட்டிருப்பார்கள். உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை என்பது யாருக்கும் உறைக்காது.

அவர் தெருவில் நடப்பதே ஒரு காட்சி. மெத்ரோ கூட்டத்தில் யார் கண்ணையாவது குத்திவிடக் கூடாது என்று குடையின் கூர்முனையில் வைன் பாட்டில் தக்கையைச் செருகியிருப்பார். வைன் குடிக்கிறவரில்லை; தக்கைக்காக ஓர் உணவகத்தில் சொல்லி வைத்திருந்தார். ரூ பெர்தொனேயில் தோசை சாப்பிடப் போனால், பக்கத்து மேசையில் வெள்ளைச் சட்டை போட்டவர் இருந்தால் போதும், சாம்பார்க் கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்து அணை கட்டுவதுபோல் கையை வளைத்து வைத்துக்கொள்வார்.

தேர்த் திருவிழாவில் மலை மாதிரித் தேங்காய் குவித்துத் தெருவில் போட்டு உடைப்பார்கள். ஊரே தேரைப் பார்க்கும்; இவர் சிரட்டை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை, உடைக்கத் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கியவர்களிடம் போய், “உடையுங்கோ, நல்லது. சிரட்டை போய் விழுற இடத்தையும் ஒருக்கா பாருங்கோ” என்றார். தூக்கிய கை தூக்கியபடி நாலு பேர் யோசித்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். சாமிக்குக் கொஞ்சம் தாமதமானது. நிறுத்தியிருந்த கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர், இடித்தால் கிடித்தால் எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ் போடலாம் என்று கேட்டு வந்தார். கீழ்வீட்டார் தொகையைச் சொல்லவில்லை. எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறீர் என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாசல் உண்டா? உண்டு. அப்படியானால் அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர் குறுக்கே வரலாம். அவர் கை முறிந்தால் இருபது வருடச் சம்பாத்தியம் போச்சு. பிறகு, குழந்தைகள் பூங்கா உண்டா என்றார். அதுவும் உண்டு. கீழ்வீட்டார் கண்ணாடியைக் கழற்றினார்.

“டொக்டருக்கு இருபது வருஷம். தள்ளுவண்டிலுக்கை கிடக்கிற பிள்ளைக்கு எழுபது வருஷம் கிடக்கு, தம்பி. அதுக்கு எழுதும்.”

அந்த ஆள் பெரிய தொகைக்கே எழுதினார். அன்றிலிருந்து சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போனதாகவும், தோசை ஆறிப்போய் வருகிறதென்று புகார் குவிந்ததாகவும் கேள்வி.

என் முறை வந்தது. மூன்றாம் மாடி வீடு கிடைத்திருந்தது. நான் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறவன். கோப்பு அடுக்குகிறவனுக்குக் காகிதம் படிக்கத் தெரியும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம் வீட்டு உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவதில் அக்கம்பக்கத்தாருக்குக் கொஞ்சம். மூன்றாவதில் இருந்த தொகையைப் படித்தபோது பூஜ்யங்கள் ரயில் மாதிரிப் போய்க்கொண்டே இருந்தன. நான் முதல் கட்டத்தில் ஏற்கெனவே பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

பேனா மூடப்பட்டது. கேள்வி வந்தது. கீழே யார் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

“தெரியாத ஆளுக்கு எப்பிடித் தம்பி தொகை எழுதுறது? ஒரு தட்டிலை ஏதும் பலகாரம் கொண்டு போம். இருந்து கதையும். சுத்தவரப் பாரும். வந்து சொல்லும்.”

இதுதான் அவருடைய முறை. இன்சூரன்ஸ் எழுத வந்த ஒவ்வொருவரையும் இப்படித் தட்டோடு கீழே அனுப்பியிருக்கிறார். பத்தாம் வட்டாரத்திலும் பதினெட்டாம் வட்டாரத்திலும் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரர்கள், தமிழர்கள் மாதிரி அன்பான அயலவர் கிடையாது, குடிவந்த வாரமே வடையோடு வந்து விசாரிப்பார்கள் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். வந்தவன் சேதத்துக்கு மதிப்புப் போடத்தான் வந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் முறுக்கிக்கொண்டேன். “எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? நான் யாருக்கு என்ன பண்ணிடப் போறேன்?”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு சரியானது என்று பிற்பாடு தெரிந்தது.

என் மனைவி ஜெயா பத்து வடை சுட்டுக் கொடுத்தாள். படிக்கட்டில் இரண்டைத் தின்றுவிட்டு எட்டு வடையோடு கதவைத் தட்டினேன். கீழ்வீட்டில் இருந்தவர் மதாம் ஒதில், எழுபது வயது, தனியாள், விறைத்த நரைமுடி. வடையை வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். அலமாரி முழுக்க, மேசை முழுக்க, கிழிந்த புத்தகங்கள். அட்டை இல்லாதவை, முதுகு பிய்ந்தவை, பூச்சி அரித்தவை. எனக்கு மனசு கரைந்துவிட்டது. பாவம், ஒரு நல்ல புத்தகம் வாங்கக்கூட வழியில்லை. பக்கத்துத் தெருவில் மலிவாகப் புதுப் புத்தகம் கிடைக்கும் இடம் ஒன்றைச் சொல்லி, விருப்பமானால் நானே வாங்கி வருகிறேன் என்றும் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் ஒதில் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

போய்க் கீழ்வீட்டாரிடம் சொன்னேன்: கீழே ஒரு ஏழைக் கிழவி, வீடு பூராவும் கிழிஞ்ச புத்தகம், கிலோ கணக்கில் போட்டாலும் பத்து யூரோ தேறாது, முதல் கட்டமே அதிகம்.

அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். “கிழிஞ்ச புத்தகத்தை அடுக்கி வைச்சிருக்கிறவ ஏழை இல்லை, தம்பி. ஒட்டித் திருத்திறவ. அது ஆருடைய புத்தகம் எண்டு கேட்டுக்கொண்டு வாரும்.” நான் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. “பாயாசம் கீயாசம் கொண்டு போகாதையும். உலர்ந்த சாமானாப் பாத்துக் கொண்டு போம்.”

முறுக்கோடு போனேன். இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். ஒரு பழைய நூலகத்தின் பதிவேடுகள் அவை, கையால் எழுதியவை, உலகத்தில் இன்னொரு பிரதி கிடையாது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நூலகத்தார் மதாமை நம்பி, திருத்தித் தரச் சொல்லி வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். அந்த வேலைதான் அவருக்குச் சோறு. “இங்கே என்னுடையது பசை மட்டும்தான்” என்றார். ஒன்று கெட்டாலும் இனி ஒரு பக்கத்தைக்கூட யாரும் தன்னை நம்பித் தரமாட்டார்கள் என்றும் சொன்னார். நான் மெள்ள முறுக்கை மேசையை விட்டு நகர்த்தி வைத்தேன்.

கீழ்வீட்டார் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி மதாமின் வீட்டை வரையச் சொன்னார். அலமாரி எந்த மூலை, மேசை எந்த ஜன்னல், அதற்கு நேர் மேலே என் வீட்டில் என்ன. பள்ளிக்கூடத்தில் புவியியல் படத்தில் இலங்கையை இந்தியாவுக்கு மேற்கே வரைந்து அடி வாங்கியவன் நான். நாலு தடவை வரைய வைத்தார். முடிவில் அலமாரி என் கூடத்து இடது மூலைக்குக் கீழே என்பது என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. பிறகுதான் பேனா திறந்தது. நான் கடைசி ஆயுதமாக, நடுக்கட்டம் போட்டுக்கலாமாண்ணே, எனக்கு அது கொஞ்சம் வசதி என்றேன்.

“உமக்கு வசதியான தொகையை எழுதாதையும். அவவுக்குத் தேவையான தொகையை எழுதும்.”

மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி நண்பர்களைச் சிரிக்க வைத்தேன். என்னை, ஜெயாவை, மிக்சியை எல்லாம் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகையில் நூறில் ஒன்று வராது. இன்சூரன்ஸ்காரர்கள் என்னை ஏதோ அணு உலை என்று நினைத்துவிட்டார்கள் என்பேன்.

பிறகு பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. ஜெயா வேலைக்குப் போகும்போது வீட்டைத் துடைத்து வையுங்கள் என்றாள். துடைத்து வை என்றுதான் சொன்னாள். நான்தான், பெண்டாட்டி திரும்பி வந்து அசந்துபோக வேண்டும் என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இடது மூலையில்தான் தண்ணீர் வேகமாக மறைந்தது. அதைப் பார்த்ததும் அந்தக் கோணல்மாணலான படம் கண் முன்னால் வந்து நின்றது. எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. மதாம் ஒதில் கதவைத் திறந்தபோது அவருக்குப் பின்னால் விளக்குக் கம்பி வழியாகத் தண்ணீர் மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் விளக்கவில்லை. “அலமாரி, அலமாரி” என்று மட்டும் பிரெஞ்சில் கத்தினேன். அவர் என் கைலியையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கை உலர்ந்திருக்கிறதா?” கைலியில் துடைத்துக் காட்டினேன். கைக்குழந்தைகளைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனோம். கடைசி அடுக்கு காலியானதும் அலமாரிக்கு மேலிருந்த காரை பெயர்ந்து விழுந்தது. அலமாரியில் இருந்தது அத்தனையும் தப்பியது. மேசையில் விரித்து வைத்திருந்த இரண்டு பதிவேடுகள் நான் வருமுன்பே நனைந்திருந்தன. மதாம் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பொங்கல். பொங்கவில்லை. நான் தண்ணீர்ச் சேதப் படிவத்தோடு போட்டோகாப்பிக் கடையில் நின்றேன். தண்ணீர் எப்படி வந்தது என்று அதில் வரிசையாகக் கட்டங்கள்: குழாய் வெடிப்பு, கூரை ஒழுகல், சலவை மெஷின். தரையில் வாளி வாளியாக ஊற்றியதற்குக் கட்டம் இல்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்று எந்தப் பிரெஞ்சுக்காரனும் யோசித்திருக்கவில்லை. நான் குரலைத் தாழ்த்தி, சலவை மெஷின்னு போட்டுடலாம்ணே என்றேன்.

“உம்மடை மிசின் உடைஞ்சதோ?”

“இல்லண்ணே.”

“அப்ப அதிலை ஏன் பழி?” என்று பேனாவை உருட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பொய் பிடிபட்டால் காசு இல்லாமல் போறது உமக்கில்லை, தம்பி. அவவுக்கு.”

‘வேறு காரணம்’ என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில், சொந்த ஊர் வழக்கப்படி தரையைக் கழுவியதால் என்று அழகான பிரெஞ்சில் எழுதினார். இரண்டு வாரம் கழித்து மதாம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் நிபுணர் வந்தார். ஈரம் அளக்கும் கருவியோடு வந்த ஒல்லியான மனிதர். கூப்பிடாமலே கீழ்வீட்டாரும் வந்திருந்தார். குடை சொட்டும் என்று அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டு உள்ளே வந்தார். நிபுணர் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வேண்டுமென்றே ஊற்றினீர்களா என்று கேட்டார். ஆம் என்றால் காசு இல்லை, இல்லை என்றால் பொய். கீழ்வீட்டார்தான் குறுக்கே வந்தார். தரையைக் கழுவ வேண்டும் என்றுதான் ஊற்றினார், கீழே போக வேண்டும் என்று ஊற்றவில்லை என்றார். நிபுணர் தலையாட்டி எழுதிக்கொண்டு எத்தனை வாளி என்றார். பதினொன்று என்றேன். ஏன் பத்தில்லை என்றார். நல்ல காரியத்தை ஒற்றைப்படையில்தான் முடிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். எந்தக் கட்டத்தில் எழுதினார் என்று அறிய எனக்கு இன்றுவரை ஆசை.

எல்லாம் கிடைத்தது. கூரைக் காரை, மின் கம்பி, இரண்டு பதிவேடுகளையும் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தித் திருத்துகிற முழுச் செலவும். அந்தத் திருத்த வேலையை நூலகத்தார் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மதாம் ஒதிலிடமே கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் குறி போட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. நடுக்கட்டம் காரை பூசுவதோடு தீர்ந்திருக்கும்.

வேனில் காலத்தில் மதாம் என்னைக் கூப்பிட்டு ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். நீலத் தோல் அட்டை, அவரே கட்டியது. உங்கள் குடைக்காரருக்கு என்றார். அன்று கடை விடுமுறை. கடைக்காரரிடம் போனில் விலாசம் வாங்கிக்கொண்டு புறநகரான ஸ்தேனுக்குப் பஸ் ஏறினேன்.

தரைத்தளத்தில் ஒரே அறை. எனக்குக் குஷியாகிவிட்டது. “உங்களுக்குக் கீழ்வீடே கிடையாதேண்ணே” என்று சீண்டினேன். அவர் நோட்டை வாங்கித் தோல் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் பாய் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை, பழையது. அதற்கு நேர் கீழே இருந்த தட்டில், தாள்கள் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்ட அவருடைய கல்யாண ஆல்பம்.

கறையின் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். மேல்வீட்டிலிருந்து இறங்கிய தண்ணீர்; அங்கே அப்போது புதிதாக வந்த தமிழ்க் குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள், கையில் மலிவுக் காகிதம். வழக்குப் போட்டிருக்கலாம். போட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்று விட்டுவிட்டாராம். வேறு படம் இல்லையா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். மறைந்த மனைவியின் முகம் இனி அந்தக் கட்டிக்குள்தான்.

மதாமிடம் கொடுத்துப் பார்க்கலாம், தாள் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றேன். அவர் ஆல்பத்தை எடுத்து, ஒன்றுக்கு இரண்டாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டி என் கையில் வைத்தார். கொடுத்த பிறகும் அவர் கை கொஞ்ச நேரம் பையை விடவில்லை.

மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிள்ளைகள் யாரோ ஓடினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னும் அங்கதான் இருக்கானா? யாருண்ணே அவன், பேரைச் சொல்லுங்க” என்றேன்.

“அவருக்கு இப்ப கீழ்வீட்டுக்கும் சேத்து இன்சூரன்ஸ் இருக்கு” என்றார்.